டிராக்டரை ஏற்றப் பெரிய லாரி வாங்கலாமா? எடையைப் பாருங்கள், நடையை எண்ணுங்கள்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சென்னையின் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளுக்குப் போனால் தாழ்வான தெருக்களில் டிராக்டர்கள் நிற்பதைப் பார்க்கலாம். அவை உழவுக்கு வந்தவை அல்ல. தேங்கிய மழைநீரை வெளியேற்றப் பம்பு பொருத்தி நிறுத்தப்பட்டவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை நாள்கணக்கில் மூழ்கடித்தபோது இந்தப் பம்புகளின் தேவையை எல்லோரும் உணர்ந்தார்கள். சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் மழைக்காலம்தோறும் இவற்றை வாடகைக்கு அமர்த்துகிறது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. அந்த மாதங்களில் சம்பா பயிர் வயலில் நிற்கும். டிராக்டருக்கு வேலை குறைவு. டிசம்பர் கடைசியில் நவரைப் பட்டத்துக்கு உழவு தொடங்கிவிடும். அதன்பின் ஜனவரி, பிப்ரவரியில் டெல்டாவில் சம்பா அறுவடை. ஆக, ஒரே இயந்திரம் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிக்கக் காலம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை அங்கே கொண்டு சேர்ப்பது எப்படி? இதுவரை 407-இல் ஏற்றியவர்கள் பலர், ‘பெரிய லாரிக்கு மாறிவிடலாமா, டிரெய்லர் வாங்கலாமா’ என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெரிய வண்டி தேவையா என்பதற்கு எடைதான் பதில் சொல்லும். அதைச் சொந்தமாக வாங்க வேண்டுமா என்பதற்கு ஆண்டுக்கு எத்தனை நடை என்ற எண்ணிக்கை பதில் சொல்லும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் எடைமேடை

பலரும் லாரிப் பெட்டியின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். ‘டிராக்டர் உள்ளே நிற்கிறதா, கதவு மூடுகிறதா, சரி’ என்று கிளம்பிவிடுகிறார்கள். டிராக்டர் நீளத்தில் சிறியது, எடையில் பெரியது. 40 முதல் 50 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் 11, 12 அடி நீளம்தான் இருக்கும். ஆனால் எடை 1,800 முதல் 2,200 கிலோ வரை. 55 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட நான்கு சக்கர இயக்க டிராக்டர் 2,300 கிலோவைத் தாண்டும்.

இது கம்பெனி சிற்றேட்டில் உள்ள எடை. உங்கள் கொட்டகையில் நிற்கும் டிராக்டரின் எடை இது அல்ல. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம்.

டிராக்டர் 2,000 கிலோ. பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியிருந்தால் ஒரு டயருக்குச் சுமார் 200 லிட்டர் வீதம் 400 கிலோ. 6 அடி ரோட்டவேட்டர் 450 கிலோ. கேஜ் வீல் ஒரு ஜோடி 150 கிலோ. ஏற்றி இறக்கும் இரும்புச் சாய்தளம் 150 கிலோ. ஓட்டுநர், உதவியாளர், சங்கிலி, டீசல் கேன் எல்லாம் சேர்த்து 150 கிலோ. மொத்தம் 3,300 கிலோ.

407 வகை மினி லாரிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு நாலரை முதல் ஐந்து டன். வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் பாரத்துக்கு மிஞ்சுவது சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை டன். அதாவது மேலே சொன்ன கணக்கில் 800 கிலோவுக்கு மேல் கூடுதல் பாரம். வண்டி நகர்கிறதே என்பது சமாதானம் ஆகாது. நகர்த்துவது இன்ஜின், நிறுத்த வேண்டியது பிரேக்.

உங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பார வரம்பு. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. இரண்டு அச்சு, ஆறு சக்கர லாரிக்கு 18.5 டன், மூன்று அச்சு லாரிக்கு 28.5 டன் என்று உச்ச வரம்பு வந்தது. அதைக் கேள்விப்பட்டு, ‘இப்போது கூடுதலாக ஏற்றலாமாமே’ என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு ஆர்.சி.யில் பதிவான எண்தான் செல்லும்.

ஒரு முறை டிராக்டரைக் கருவியோடு அருகிலுள்ள எடைமேடையில் ஏற்றி நிறுத்தி, சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செலவு மிகக் குறைவு. அந்தச் சீட்டு கையில் இல்லாமல் லாரி விலை பேசப் போகாதீர்கள்.

செம்பியத்திலிருந்து நீண்ட டிரெய்லரில் புதிய டிராக்டர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்து, ‘அவர்கள் அத்தனை ஏற்றுகிறார்களே’ என்று ஒப்பிட வேண்டாம். அவை கருவி மாட்டாத வெறும் டிராக்டர்கள். ஏற்றுவது அதற்கென்றே அமைத்த வண்டி.

எந்த அளவு வண்டி?

ஒரு டிராக்டர், ஒரு ரோட்டவேட்டர் என்றால் மொத்த எடை 7 முதல் 7.5 டன் வரையுள்ள லாரி போதும். பாரத்துக்குச் சுமார் 4 டன் கிடைக்கும். 14 அடிப் பெட்டியில் டிராக்டர் நிற்கும். ரோட்டவேட்டரை மாட்டியபடியே ஏற்றுவதானால் 17 அடி தேவை.

இந்த அளவுக்கு இன்னொரு வசதி உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம், தனியாகப் போக்குவரத்து வாகன அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இதைத் தாண்டிய வண்டிக்கு அதற்குரிய போக்குவரத்து வாகன உரிமம் உள்ள ஓட்டுநர் வேண்டும். ‘நானே ஓட்டிக்கொள்வேன்’ என்று திட்டமிடுபவர்கள் இந்த எல்லையை மறக்கக் கூடாது. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடு வழக்காட வேண்டிவரும்.

இரண்டு டிராக்டர்களை ஒன்றாகக் கொண்டுபோக வேண்டும் என்றால் 11, 12 டன் வகை லாரி, 24 அடிப் பெட்டி. அதில் டிராக்டர்கள் நிற்கும். ரோட்டவேட்டர்களுக்கு இடம் இருக்காது. சென்னைக்குப் பம்பு வேலைக்குப் போகும்போது ரோட்டவேட்டர் தேவையில்லை என்பதால் சிக்கல் இல்லை. உழவு வேலைக்கு அனுப்பும்போது கருவிகளுக்குத் தனி வண்டி பிடிக்க வேண்டும். அந்த வாடகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

லோபெட் டிரெய்லர்? தளம் தாழ்வாக இருப்பதால் ஏற்றுவது எளிது, கவிழும் அபாயமும் குறைவு. ஆனால் மயிலாப்பூர் மாட வீதிகளிலோ கிராமத்து வாய்க்கால் கரையிலோ அது திரும்பாது. கனரக ஓட்டுநரும் நிறுத்த இடமும் வேண்டும். அடிக்கடி நான்கைந்து இயந்திரங்களை நகர்த்தும் தொழில்முறை வாடகை நிலையங்களுக்குத்தான் அது பொருந்தும்.

சிலர் டிராக்டர் இழுக்கும் சாதாரண டிப்பர் டிரெய்லரிலேயே இன்னொரு டிராக்டரை ஏற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பெரும்பாலான டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. இரண்டு டிராக்டர் எடையையும் டிரெய்லர் எடையையும் முன்னால் போகும் ஒரு டிராக்டரின் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். இறக்கத்தில் பின்பாரம் தள்ளினால் ஓட்டுநருக்குத் தப்பிக்க வழி இல்லை.

நகரத்தில் வரப்பு இல்லை

கிராமத்தில் டிராக்டரை லாரியில் ஏற்றச் சாய்தளம் தேவைப்படுவதில்லை. லாரியின் பின்சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கி, பெட்டியை மேட்டோடு ஒட்டி நிறுத்தி, டிராக்டரை நேராக உள்ளே ஓட்டிவிடுவோம். தியாகராய நகர்த் தெருவில் இறக்கும்போது மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மழைத்தண்ணீர் ஓடும் தார் ரோடுதான் இருக்கும். அங்கே நாலு பலகையைச் சாய்த்து இறக்குவதுதான் ஆபத்தின் தொடக்கம்.

லாரித் தளம் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் சாய்தளம் போட்டால் சரிவு 21 டிகிரியைத் தாண்டும். இது டிராக்டருக்கு மிகச் செங்குத்து. சரிவை 15 டிகிரிக்குக் குறைக்கச் சுமார் நாலேகால் மீட்டர் நீளம் வேண்டும். லாரியின் தளம் உயர உயரச் சாய்தளத்தின் நீளமும் கூடும். பெரிய லாரிக்கு மாறும்போது பழைய சாய்தளத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு.

ஏற்றும்போது டிராக்டரைப் பின்னோக்கி ஏற்றுங்கள். இறக்கும்போது முன்னோக்கி இறக்குங்கள். டிராக்டரின் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில் இருக்கிறது. முன்னோக்கி ஏறினால் முன்பக்கம் தூக்கி, அப்படியே மல்லாக்கக் கவிழும் வாய்ப்பு உண்டு. கனமான பக்கம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். குறைந்த கியரில் மெதுவாக ஏற்றுங்கள். சரிவில் கிளட்சை மிதிக்காதீர்கள். இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொண்டியைப் போட்டுவிடுங்கள். சாய்தளத்தின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சரக்கு வாகனத்துக்கு உயர வரம்பு 4 மீட்டர். டிராக்டரின் புகைக்குழாயோ கூரையோ லாரித் தளத்தின்மேல் நிற்கும்போது எவ்வளவு உயரம் வருகிறது என்று டேப் வைத்துப் பாருங்கள். தியாகராய நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதை போன்றவை இத்தகைய வண்டிக்கான வழி அல்ல; பெருமழையில் முதலில் மூடப்படுபவையும் அவைதான். நகருக்குள் கனரக சரக்கு வாகனங்களுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. பெரிய லாரி என்றால் இரவில்தான் நுழைய முடியும் என்பதையும் ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

கயிறு போதாது

ஏற்றிய டிராக்டரை நைலான் கயிற்றால் கட்டுவது பழக்கமாக இருக்கிறது. கயிறு மாட்டுத் தீவனத்துக்குச் சரி. இரண்டு டன் இரும்புக்கு இறுக்கும் கொக்கியுடன் கூடிய சங்கிலியோ ராட்செட் பட்டையோ வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு திசையிலும் இழுத்துக் கட்டுங்கள்.

எவ்வளவு வலு வேண்டும்? திடீர் பிரேக் பிடித்தால் பாரத்தின் எடையில் 80 சதவீத விசையைக் கட்டுகள் தாங்க வேண்டும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம் தாங்க வேண்டும் என்பது உலகில் பல நாடுகள் பின்பற்றும் அளவுகோல். இரண்டரை டன் டிராக்டர் என்றால் முன்னோக்கி நகராமல் தடுக்கும் கட்டுகள் சேர்ந்து 2 டன் தாங்க வேண்டும். பட்டையின் சீட்டில் தாங்கு திறன் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். சென்னைக்கு வரும்போது அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கலாம்.

கை பிரேக், கியர், நான்கு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை, ரோட்டவேட்டரைத் தளத்தில் இறக்கி வைத்தல் ஆகிய நான்கும் கட்டாயம். எடை லாரியின் பின் அச்சுக்குப் பின்னால் போகாமல் டிராக்டரை முன்னால் தள்ளி நிறுத்துங்கள். பின்பாரம் கூடினால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். புறப்பட்ட 10, 15 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்திக் கட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். பயணத்தின்போது டிராக்டர் இருக்கையில் ஆளை உட்கார வைப்பது வேண்டவே வேண்டாம்.

அபராதமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் கூடுதல் பாரத்துக்கு ரூ.20,000, அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000 அபராதம் என்று உள்ளது. கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டியை விடுவார்கள். பாரம் பக்கவாட்டிலோ பின்னாலோ வரம்பை மீறி நீட்டிக்கொண்டிருந்தாலும் ரூ.20,000. நடுவழியில் டிராக்டரை இறக்கச் சொன்னால் அந்த நடையின் லாபம் அங்கேயே போய்விடும்.

இன்னொன்று. உங்கள் டிராக்டர் விவசாயப் பயன்பாட்டுக்கென்று பதிவாகி, அதற்கான காப்பீடு எடுக்கப்பட்டது. நகரத்தில் மழைநீர் இறைக்க வாடகைக்கு விடுவது விவசாயப் பணி அல்ல. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். லாரியின் காப்பீடு ஏற்றிச் செல்லும் டிராக்டருக்கு ஏற்படும் சேதத்தைத் தானாக ஈடுகட்டாது. அதற்கான பாதுகாப்பையும் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

வாங்குவதா, வாடகைக்குப் பிடிப்பதா?

இப்போது இரண்டாவது கேள்வி. இதற்கு ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போதும்.

லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுதோறும் ஆகும் செலவைக் கூட்டுங்கள்: கடன் தவணை, காப்பீடு, வரி, எஃப்.சி., ஓட்டுநர் சம்பளம். அடுத்து, வாடகை லாரிக்கு ஒரு நடைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், சொந்த லாரியில் அதே நடைக்கு டீசலும் சுங்கமும் டயர் தேய்மானமும் எவ்வளவு ஆகும் என்று பார்த்து வித்தியாசத்தைக் குறியுங்கள். முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால் எத்தனை நடைக்குப் பிறகு லாபம் தொடங்கும் என்று தெரியும்.

கணக்குக்காக: நிலையான செலவு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், வாடகை ஒரு நடைக்கு 9,000, சொந்த வண்டியில் 4,000 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 5,000. 3,00,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 60 நடை. போக ஒன்று, வர ஒன்று என்று எண்ணினால் ஆண்டுக்கு 30 இடங்களுக்கு இயந்திரம் போய்வர வேண்டும். மழைக்கால ஒப்பந்தம் ஒன்றுக்கு டிராக்டர் ஒரு முறை போய், வாரக்கணக்கில் நின்று, ஒரு முறை திரும்பும். அது வெறும் இரண்டு நடை. அதை மட்டும் நம்பி லாரி வாங்கினால் அந்த லாரி உங்கள் கொட்டகையில் கடன் சுமந்து நிற்கும்.

பெல்ட் டைப் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அது தார் ரோட்டில் நெடுந்தூரம் ஓட முடியாது. ஊருக்கு ஊர் ஏற்றித்தான் ஆக வேண்டும். குறுவை, சம்பா அறுவடைகளில் சில நாளுக்கு ஒரு முறை இடம் மாறுவதால் நடைகள் விரைவாகக் கூடும். அவர்களுக்குச் சொந்த லாரி பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

டயரில் ஓடும் டிராக்டருக்கு 30, 40 கிலோமீட்டர் வரை ரோட்டில் ஓட்டிப்போவதே சிக்கனம் என்பது என் கருத்து. அதற்கு மேல் டயர் பட்டன் தேய்மானமும் நேரமும் கடிக்கத் தொடங்கும். மதுராந்தகத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் ஓட்ட வேண்டும். அங்கே வாடகை லாரியே மேல். கேஜ் வீல் மாட்டியபடி ஒரு கிலோமீட்டர்கூட ரோட்டில் ஓட்டக் கூடாது. சாலையும் கெடும், சக்கரமும் கெடும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு யோசனை. ஒரு வட்டாரத்தில் ஐந்தாறு டிராக்டர், அறுவடை இயந்திர உரிமையாளர்களை உட்கார வைத்து அவர்களின் ஓராண்டு நடைகளைக் கூட்டிப் பாருங்கள். தனித்தனியாக 15, 20 நடை உள்ளவர்கள் சேர்ந்தால் ஒரு லாரிக்கு வேலை இருக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அதை வாங்கி உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடலாம். இயந்திர மானியத் திட்டங்களில் லாரியும் அடங்கும் என்று முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகு பேசுங்கள். சென்னை நந்தனத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அத்துறை, உழவன் செயலி வழியே இயந்திரங்களை வாடகைக்கும் தருகிறது. தேவைப்படும் ஊரிலேயே இயந்திரம் கிடைத்தால் ஏற்றிப்போகும் செலவே இல்லை.

வயலுக்குள் லாரி வேண்டாம்

உழவியல் படித்தவன் என்ற முறையில் இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, மண் இறுக்கம். ஒரு அச்சில் 10 டன் அளவுக்குப் பாரம் ஏறிய வண்டி ஈரமான வயலில் இறங்கினால் இறுக்கம் உழவு ஆழத்தைத் தாண்டி 40 சென்டிமீட்டருக்குக் கீழும் போகும். ரோட்டவேட்டரோ கொத்துக் கலப்பையோ அந்த ஆழத்தை எட்டாது. வேர் கீழே இறங்காது, தண்ணீர் வடியாது. அந்தத் தடம் பல பருவங்களுக்கு விளைச்சலில் தெரியும். பெரிய லாரி ரோட்டிலேயே நிற்கட்டும், இயந்திரம் மட்டும் வயலுக்குப் போகட்டும்.

இரண்டு, களை. கேஜ் வீலில் ஒட்டிய சேற்றோடு கோரைக் கிழங்கு பயணம் செய்யும். அறுவடை இயந்திரத்தின் இடுக்குகளில் களைநெல் விதை ஊர் விட்டு ஊர் போகும். இயந்திரம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் களையும் போகும். ஏற்றும் முன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அறுவடை இயந்திரத்தில் தங்கிய தானியத்தை முழுவதும் காலி செய்யுங்கள். நகரத்தில் கழிவுநீர் கலந்த தண்ணீரில் நின்ற டிராக்டரை வயலில் இறக்கும் முன் நன்றாகக் கழுவி, சக்கர பேரிங்குகளுக்குக் கிரீஸ் அடியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று. டிராக்டரைக் கருவியோடு எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். லாரியின் ஆர்.சி.யை எடுத்துப் பார வரம்பைக் கழித்துப் பாருங்கள். கடந்த ஆண்டு எத்தனை நடை போனது என்று டைரியைப் புரட்டி எண்ணுங்கள். சீட்டில் உள்ள எடை வரம்பைத் தாண்டினால் அந்தச் சிறிய வண்டியில் ஏற்றுவதை இன்றே நிறுத்திவிட்டு, தாங்கக்கூடிய வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள். நடைக் கணக்கு கட்டுப்படியானால் மட்டும் வாங்குவதைப் பற்றி வங்கியில் பேசுங்கள்.